ஒய்.பி.க்குக் கொடுத்த தண்ணீர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைப் படிக்கும் என் மகள், "அம்மா கூட்டிக் கூட்டிச் சொல்லுது" என்பாள். நான் எதையும் கூட்டவில்லை. அந்த இரண்டு மூன்று வருடங்களில் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்றதாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

எழுபதுகளின் கடைசி அது. கேமரன் மலையில், ரிங்லெட்டைத் தாண்டி மேலே ஏறினால் வரும் ஒரு தேயிலைத் தோட்டம். நான் கொழுந்து பறித்தேன். என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டினார். எங்களுக்கு ஒரே பெண், அப்போது நான்கு வயது. நாங்கள் குடியிருந்த லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, மேலே காடு. காட்டுக்குள்ளிருந்து ஓர் ஓடை வரும். அதில் குழாய் போட்டு, லயத்து முனையிலிருந்த சிமெண்டுத் தொட்டிக்குத் தண்ணீர் இறக்கியிருந்தார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல் கூசும். அவ்வளவு குளிர்ச்சி, அவ்வளவு தெளிவு.

பிறகு தோட்டத்து எல்லைக்கு அப்பால் காட்டை வெட்டத் தொடங்கினார்கள். யார் அனுமதி கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது மரம் விழும் சத்தம் கேட்கும், சாயங்காலம் வரும்போதும் கேட்கும். சில மாதங்களில் மலை மொட்டையானது. அங்கே முட்டைக்கோசு போட்டார்கள், கோழிச்சாணியைக் கொட்டினார்கள். கியா பார்ம் கடைகளில் கோலாலம்பூர்க்காரர்கள் கார் நிறுத்தி, தடவிப் பார்த்து வாங்கிப் போகிற அந்தக் கோசுதான். மழை பெய்தால் அந்த மலை கரைந்து எங்கள் தொட்டிக்குள் இறங்கியது. கேமரனில் மழை பெய்யாத வாரம் எது?

என் மகளுக்கு வயிற்றால் போனது. ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. மழை பெய்த மூன்றாம் நாள் அவளுக்கு வயிற்றால் போகும் என்று நான் சொல்லிவைக்கலாம், அப்படி நடந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வெள்ளை மாத்திரை கொடுத்து, "தண்ணியக் காய்ச்சிக் குடு" என்றார். காய்ச்சினேன். சேற்றைக் காய்ச்சினால் என்ன வரும்? சுடுசேறு வரும். "நீங்க ஒரு நாளு இதக் குடிச்சுப் பாருங்கய்யா" என்று கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் அவர் என்னைக் கண்டால் அவசரமாக ஏதாவது எழுத ஆரம்பித்துவிடுவார்.

அந்த நாள்களில் எங்கள் தொகுதி ஒய்.பி.யைப் பற்றிப் பேப்பரில் அடிக்கடி வரும். மக்கள் பிரதிநிதியை எங்கள் ஊரில் ஒய்.பி. என்றுதான் சொல்வோம். மலையை வெட்டாதே, ஆற்றைக் கெடுக்காதே, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நல்ல தண்ணீரும் வைத்தியமும் கொடு என்று சட்டமன்றத்தில் பேசிக்கொண்டே இருந்தார். பேசுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் இவர் எந்த மலை, எந்த ஆறு என்று இடம் சொல்லிப் பேசினார். நான் ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளியில் படித்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாலு பக்கத்துக்கு மனு எழுதினேன். லயத்தில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன், கையெழுத்து தெரியாதவர்களிடம் கைநாட்டு.

பதில் வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. 'நேரில் பார்க்காமல் பேசினால் ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். அதிகாரி ஒருவரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்' என்று எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்திருந்தார். தோட்டத்து ஆபீசுக்கும் முறைப்படி கடிதம் போனது. மேனேஜர் துரை ஒன்றும் சொல்லவில்லையாம், "வரட்டும்" என்றாராம். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எங்கள் சனத்தை அவர் என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்.

நான் தயாராக இருந்தேன். மூன்று சிரப் போத்தல்களில், மூன்று மழைக்குப் பிறகு பிடித்த குழாய்த் தண்ணீரை அடைத்து ஜன்னலில் வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சேறு படிந்திருந்தது. அதில் ஒரு போத்தலின் வாய் கொஞ்சம் உடைந்திருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் ஆள்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் எங்கள் லயத்துக்குக் கைகால் நிற்காது. வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து வந்த பழக்கம். யாரும் உத்தரவு போட வேண்டாம். சாக்கடைக் கானைக் கழுவுவார்கள், புல் செதுக்குவார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அந்த வாரமும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். கோயில் கமிட்டி மாலைக்குச் சொன்னது. அடுத்த வீட்டு அக்கா, கங்காணியின் மனைவி, பெண்களையெல்லாம் கூட்டி லயத்து வாசல் முழுக்கக் கோலம் போட ஏற்பாடு செய்தாள். சரி, செய்யட்டும், கோலத்துக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் இருந்துவிட்டேன். புத்தி கெட்டவள் நான்.

சனிக்கிழமை நான் ஓவர்டைம் பறிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் தொட்டியைச் சுற்றி ஒரே கூட்டம், சிரிப்பு. தொட்டியைத் தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் போட்டுத் தேய்த்து வெள்ளையாக்கியிருந்தார்கள். ஓடைக் குழாயின் வாயைச் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள். பக்கத்தில் லோரி நின்றது. லோரியில் டிரம்கள். டிரம்மிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துரை பங்களாப் பக்கம் வேறோர் ஓடை உண்டு, அதன் மேலே காடு அப்படியே இருக்கிறது. அந்த ஓடைத் தண்ணீர். டிரம்மை அணைத்துப் பிடித்துக்கொண்டு, நெஞ்செல்லாம் நனைந்து நின்றவர் என் வீட்டுக்காரர்.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"நாலு ட்ரிப்பு அடிச்சாச்சு, இன்னும் ரெண்டு இருக்கு" என்றார் அவர், பெருமையாக.

"எதுக்கு?"

"எதுக்கா? வர்ற மனுசன் நம்ம லயத்துல ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டாரா? குடிச்சிட்டு மூஞ்சச் சுளிச்சாருன்னா யாருக்கு மானக்கேடு? நமக்குத்தான லா!"

"அந்தத் தண்ணியப் பாக்கத்தான்யா அவரே வர்றாரு!"

அங்கே நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். கங்காணி வீட்டு அக்கா வந்து என் தோளைப் பிடித்து, "அதெல்லாம் வாயால சொல்லிக்கலாம்டி. வந்தவருக்குச் சேத்தையா காட்டுவாங்க? நம்ம வளத்த வளப்பு அப்படியா?" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு எனக்கு வளர்ப்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள். அன்றைக்கு நான் சமைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

மழையாவது பெய்யும் என்று நினைத்தேன். பெய்தாலும் குழாயை அடைத்துவிட்டார்களே என்று அடுத்த நிமிடமே ஞாபகம் வரும். ஆனாலும் விடிகிறவரை வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று மாதமாக விடாமல் பெய்த மழை அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போனதோ, பளிச்சென்று வெயில்!

ஒய்.பி. வந்தார். நடுத்தர வயது, ஒல்லி, வழுக்கை. பட்டாசு வெடித்தார்கள், மாலை போட்டார்கள். பந்தலில் நின்று நன்றாகத்தான் பேசினார். காடு என்பது மேலே இருக்கும் மரம் மட்டுமல்ல, கீழே இருக்கும் பிள்ளைகளின் குடிதண்ணீர் என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே மேசையைப் பார்த்தேன். அவர் முன்னால் ஒரு போத்தலில் வெள்ளைப் பூ செருகி வைத்திருந்தது. போத்தலின் வாய் கொஞ்சம் உடைந்திருந்தது. மற்ற இரண்டும் மேசையின் இரு பக்கங்களில். கழுவிய கை யாருடையது என்று நான் கேட்கப் போகவில்லை. பூ அழகாகத்தான் இருந்தது, பாழாய்ப்போன பூ.

பேச்சு முடிந்து தொட்டிக்கு வந்தார்கள். கூட வந்த அதிகாரி தொட்டிக் குழாயைத் திறந்தார். பளிங்குபோல் தண்ணீர் வந்தது. ஒய்.பி. கையில் ஏந்திக் குடித்தார். என் பக்கம் திரும்பினார், மனு எழுதியவள் நான் என்று யாரோ காட்டியிருக்க வேண்டும்.

"தண்ணி நல்லாத்தானம்மா இருக்கு?" என்றார். கேலியாக இல்லை, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஊரெல்லாம் வாய்க்காரி என்று பேரெடுத்தவள். டிரசரை விட்டேனா, ஆபீஸ் கணக்குக் கிராணியை விட்டேனா? ஆனால் அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, முகமெல்லாம் சிரிப்பு. அவரைச் சுற்றி மொத்த லயமும் அதே சிரிப்போடு நின்றது. 'இவர்கள் உங்களை ஏமாற்றுகிறார்கள்' என்று அத்தனை முகத்துக்கும் முன்னால் எப்படிச் சொல்வது? அதிகாரி சின்னப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். தண்ணீர் சுத்தம் என்று எழுதியிருப்பார், வேறென்ன எழுதுவார்?

தூரத்தில் ஆபீஸ் வராந்தாவில் துரை புகைக்குழாய் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை. எல்லா வேலையையும் நாங்களே செய்து கொடுத்துவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை சாக்கை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மழை. அடுத்த திங்கட்கிழமை என் மகளைத் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்தத் தடவை கண் உள்ளே போய்விட்டது, தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. நான்கு நாள் கையில் ஊசியோடு கிடந்தாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்கமாட்டாள். தண்ணீரை மாற்றுங்கள்" என்றார். கோழிக்கறி வேண்டாம், மீனை மாற்றுங்கள் என்று சொல்வதுபோல் சொன்னார். நான் எந்தக் கடையில் போய் மாற்றுவது?

என் வீட்டுக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரோடு பேசவில்லை. பேசினால் கத்துவேன் என்று எனக்குத் தெரியும். அவரும் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து வேலை முடிந்ததும் இரண்டு தகர டின்னைக் காவடியில் மாட்டிக்கொண்டு, பங்களா ஓடைக்கு நடந்தே போய், பிள்ளைக்கு மட்டும் தண்ணீர் கொண்டுவந்தார். போக வர ஒன்றரை மணி நேரம். அந்தத் தண்ணீருக்குத் தனிக் குடம், தனி மூடி. அதில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஒய்.பி.க்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். இந்தத் தடவை நாலு பக்கம் இல்லை, நாலு வரி. 'நீங்கள் குடித்தது எங்கள் தண்ணீர் அல்ல. நாங்கள்தான் மறைத்தோம். மழை பெய்யும் நாளில் வாருங்கள். யாரிடமும் சொல்லாமல் வாருங்கள்.' ரிங்லெட்டுக்குப் போய்த் தபாலில் போட்டேன். போட்ட பிறகு பயம் வந்தது. லயத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டேனோ என்ற பயம்.

அதற்கப்புறம் இருந்த இருப்பு இருக்கிறதே! மழை வந்தால் ரோட்டைப் பார்ப்பேன். கொழுந்து பறிக்கும் மேட்டிலிருந்து ரோடு ஒரு துண்டு தெரியும். கார் தெரிந்தால் கை நின்றுவிடும். "என்னடி, மாப்புள வர்றானா?" என்று பக்கத்து நிரையில் கேலி செய்வார்கள். வேலையை மேய்க்கும் மண்டோர் கத்துவார். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. அரசியல்வாதிதானே, குடித்த தண்ணீரோடு மறந்திருப்பான் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். திட்டிக்கொண்டே மறுபடி ரோட்டைப் பார்த்தேன்.

ஒரு புதன்கிழமை. பிற்பகல் மழை கொட்டுகிறது. கொழுந்தை எடை போட்டுவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தேன். வாசலில் ஒரு மனிதர் கறுப்புக் குடையோடு நிற்கிறார். கால்சட்டை முழங்கால்வரை சேறு. காரை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார்.

"சொல்லாம வரச் சொன்னீங்களேம்மா" என்றார். "வந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுகிற நேரமா இது? உள்ளே கூப்பிட்டேன். உட்காரச் சொல்ல நல்ல நாற்காலி இல்லை, ஈரத் துணி கொடியெல்லாம் தொங்குகிறது, என் விரலெல்லாம் கொழுந்துக் கறை. பிள்ளை மூலையில் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் பலகைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். நான் கண்ணாடி கிளாஸைத் தேடி எடுத்துக் கழுவித் துடைத்தேன், வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டுமே. குடத்தின் மூடியைத் திறந்து கிளாஸை உள்ளே விட்டேன்.

எந்தக் குடம்? பிள்ளையின் குடம். பங்களா ஓடைத் தண்ணீர்.

என் கை, என்னைக் கேட்காமலே அங்கே போயிருந்தது. மொத்த லயத்தையும் திட்டினேனே, புருசனோடு பேசாமல் இருந்தேனே, நான் மட்டும் என்ன யோக்கியம்? கிளாஸ் பாதி நிறைந்து கையில் இருக்கிறது. திரும்ப ஊற்றினேன். மூடினேன். வெளியே போய், மழையில் நின்று, குழாயைத் திறந்தேன். முதலில் காற்று வந்தது, பிறகு பழுப்பாகக் கொட்டியது. கிளாஸை நிறைத்தேன். அதைத் தூக்கிக்கொண்டு வாசலில் ஏறினேன்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. வாசலில் தலைகள். கங்காணி வீட்டு அக்கா கிளாஸைப் பார்த்துவிட்டாள். "அடிப் பாவி, அத யாருக்குடி குடுக்குற? இருங்க ஒய்.பி., ஒரு நிமிசம், ஆரஞ்சு போத்தல் வாங்கிட்டு வரச் சொல்றேன்!" என்று கத்தினாள்.

நான் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வாய்வரை கொண்டுபோனார். கோழிச்சாணி நாற்றம் அடித்திருக்கும். கை அங்கேயே நின்றது.

கிளாஸைக் கீழே வைத்தார். "என்னால குடிக்க முடியலம்மா" என்றார்.

"எம் புள்ள குடிச்சுச்சுங்க" என்றேன்.

அவர் போர்வைப் பக்கம் பார்த்தார். பிறகு, "அன்னிக்கு நல்லா இருந்துச்சே, எப்படி?" என்றார்.

என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார், லோரியை நிறுத்திவிட்டு ஓடிவந்திருக்க வேண்டும். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கும்பலை விலக்கி உள்ளே வந்தார்.

"நாந்தாங்க" என்றார். "லோரில கொண்டாந்து நாந்தாங்க ஊத்துனேன். நீங்க வர்றீங்கன்னு மரியாதைக்குச் செஞ்சேங்க. எம் புள்ளையக் கொல்லப் பாத்துட்டேங்க." சொல்லிவிட்டு, இத்தனை பேர் முன்னால், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாங்க, எனக்கு அந்த மலையக் காட்டுங்க" என்றார் ஒய்.பி. அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே குடைக்குக் கீழே மலையேறிப் போனார்கள். இருட்டுவதற்கு முன் இறங்கி வந்தபோது ஒய்.பி. காலில் அட்டைக் கடி. உப்பு கேட்டு வாங்கித் தடவிக்கொண்டார். அந்தச் சேற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் அடைத்துக் கேட்டார். வாய் உடைந்த போத்தலையே கொடுத்தேன்.

சட்டமன்றத்தில் அதைத் தூக்கிக் காட்டிப் பேசினார் என்று பேப்பரில் வந்தது. ஒரே நாளில் ஒன்றும் நடந்துவிடவில்லை. விசாரணை வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஓடைக்கு மேலே வெட்டுவதை நிறுத்தினார்கள், வெட்டியது வெட்டியதுதான். பங்களா ஓடையிலிருந்து லயத்துக்குப் புதுக் குழாய் போட்டார்கள். அதுவரை என் வீட்டுக்காரர் தகரம் சுமந்தார். அடுத்த தேர்தலில் கட்சி ஒய்.பி.க்கு நிற்க இடம் கொடுக்கவில்லை. அவர் பேசிய மற்ற மலைகள் என்ன ஆயின என்று பிரிஞ்சாங்குக்கு மேலே போய்ப் பார்த்தால் தெரியும். எனக்கு அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

லயத்தில் எனக்கு ஒரு பேர் நிலைத்தது. வந்தவருக்குச் சேற்றுத் தண்ணீர் கொடுத்தவள். புதுக் குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டேதான் அப்படிச் சொன்னார்கள். எண்பதுகளில் என் மகள் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தபோதும், பக்கத்தில் நின்றவள் இன்னொருத்தியிடம் அதைச் சொல்லித்தான் என்னைக் காட்டினாள். சொல்லட்டும்.

வீட்டுக்கு வந்தவர் தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தால் நமக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்! அன்றைக்கு ஒய்.பி. அதைக் கீழே வைத்தபோது நான் சந்தோஷப்பட்டேன்.